நீலக் கதவு வைத்த பொம்மை வீடு

கோபகபானா,
8 ஆகஸ்ட் 1991

டூனியா,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, விடுதியாக்கிய என் வீட்டில் தங்கியிருந்த எட்டுப் பேருக்கு முன்னால் "இது வீடா, கோழிக்கூண்டு" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போனவளுக்கு அன்பு ஒரு கேடா?

இருபத்தாறு வருஷமாக வா, வா என்று எழுதினேன். சுக்ரே ஆசிரியர் பள்ளியில் ஒரே அறையில், குளிர் தாங்காமல் ஒரே கம்பளிக்குள் படுத்துக் கிடந்தவர்கள் நாம். ஒருவழியாக வந்து சேர்ந்தாயே என்று, பரீட்சைத் தாள்களைத் திருத்தாமல் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் உன்னை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தேன். நீ என்ன செய்தாய்? போகிற இடமெல்லாம் மூக்கைச் சுளித்தாய். சாந்தா குரூஸ் ஆட்களுக்குக் கடவுள் மூக்கு வைத்ததே எங்களைப் போன்ற மலைக்காரர்களைப் பார்த்துச் சுளிப்பதற்குத்தான் போலிருக்கிறது.

கோயில் வாசலில் புது லாரிகளுக்குப் பூமாலை போட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளித்து, சொந்தக்காரர்கள் சக்கரத்தில் பீர் ஊற்றி ஆசீர்வாதம் வாங்குவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நீ நடுக்கூட்டத்தில் நின்றுகொண்டு, "எங்க ஊர்ல வண்டிக்கு டீசல் ஊத்துவோம், டிரைவருக்குத்தான் பீர் ஊத்துவோம்" என்றாய். பாதிரியாரே திரும்பிப் பார்த்தார். கரையில் கடற்படைப் பையன்கள் வெள்ளைச் சீருடையில் சுதந்திர தின ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடலே இல்லாத நாட்டுக்குக் கப்பல் படையாம், அது குளத்துல நிக்குதாம்" என்று சிரித்தாய். தித்திகாக்கா ஏரியைக் குளம் என்று சொன்ன முதல் மனுஷி நீதான். சூரியத் தீவில் இருநூறு படி. முப்பதாவது படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். ட்ரவுட் மீனில் முள் என்றாய். பனியில் உறைய வைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கு எங்களுக்கு அமுதம், உனக்குச் செருப்புத் தோல்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டு நாளைக்கு இரண்டு பெரிய பெட்டியோடு வருகிறவளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? தீக்கினா துறையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் படகில் ஏறும்போது பெட்டி தூக்க ஆள் கிடைக்கவில்லை என்று, வந்ததும் வராததுமாக அரை மணி நேரம் புலம்பினாய். ஒரு நாளைக்கு நாலு உடுப்பு மாற்றுகிற மகாராணிக்கு எங்கள் ஊர் எப்படிப் பிடிக்கும்!

இதெல்லாம் கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. கல்வாரிக் குன்றின் மேல் நீ செய்த காரியம்.

குன்றில் ஏறும்போதே உனக்குச் சொன்னேன். லாரி வேண்டுமென்றால் பொம்மை லாரி, கடை வேண்டுமென்றால் பொம்மைக் கடை வாங்கி, உச்சியில் புகை போட்டு, மதுத் துளி தெளித்து மந்திரித்துக்கொள்வோம், வருஷம் திரும்புவதற்குள் நிஜமானது கைக்கு வரும் என்று. "நல்ல கூத்துடி" என்று நீ சிரித்தாய். அப்புறம் நான் தெரிந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்த அரை மணியில் என்னடி செய்தாய்?

திங்கட்கிழமை சந்தையில் பொம்மைக்கார சாத்தூர்னினா என்னை நிறுத்தினாள். "டீச்சரம்மா, உங்க சிநேகிதிக்கு வீடு நல்லபடியா அமையட்டும்" என்றாள்.

"என்ன வீடு?" என்றேன்.

"அதாங்க, ரெண்டு மாடி, ஆறு ஜன்னல். கதவு சிவப்பா இருந்துச்சு. சிவப்பு வேணாம், நீலம் அடிச்சுக் குடுன்னு நின்னு அடிக்க வெச்சாங்க. பொம்மைப் பத்திரம்கூட எழுதிக்கிட்டாங்க. டூனியா பேருல, கோபகபானாவுல, ஏரியைப் பாத்த வீடு."

இரண்டு மாடி, ஆறு ஜன்னல், ஏரியைப் பார்த்த நீலக் கதவு. இந்தத் தெருவில் அப்படி ஒரு வீடுதான் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் தம்பி எட்டு வருஷமாக இதை விற்கச் சொல்லி அரித்தெடுக்கிறான், அவனைச் சமாளித்துவிட்டேன். சாந்தா குரூஸில் மூன்றாம் வளையச் சாலையில் மாமரத்தோடு மாளிகை வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவின் வீட்டின் மேல் கண் வைக்க உனக்கு வெட்கமாக இல்லை?

ஒரே ஒரு நிம்மதி. அந்தக் காரியத்தைக்கூட உனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. பொம்மையைத் தனக்குத் தானே வாங்கிக்கொண்டால் பலிக்காது. இன்னொருவர் வாங்கி, மந்திரித்து, கையில் கொடுக்க வேண்டும். இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கீழ்நாட்டுக்காரி உனக்கு எங்கே தெரியப் போகிறது! என் வீடு பத்திரமாக இருக்கிறது.

பசிலியா


மொன்தேரோ,
21 ஆகஸ்ட் 1991

கோபகபானாவின் மகாராணி பசிலியா சமூகத்துக்கு,

பதில் எழுதுவதானால் உறையில் இருக்கிற மருந்துக்கடை முகவரிக்கு எழுது. சாந்தா குரூஸுக்குப் பக்கத்து ஊர் மொன்தேரோவில் என் அக்கா மகள் நெய்சாவின் கடை. எங்கள் வீட்டுத் தபால்பெட்டி உடைந்துவிட்டது. உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவள் தெருவிலேயே தொலைத்திருக்கலாம்.

உன் வீட்டின் மேல் எனக்குக் கண்ணா? அடிப் பாவி, அந்த ஐஸ் பெட்டியை யாராவது சும்மா கொடுத்தாலும் நான் தலைதெறிக்க ஓடுவேன். வெந்நீர்க் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நாலு கம்பளி போர்த்தியும் பல் தந்தி அடிக்கிறது. காலையில் எழுந்தால் மண்டைக்குள் சம்மட்டி. கேட்டால், "மலை உசரம், பழகிடும்" என்று கோகா இலையைக் கொதிக்க வைத்து நீட்டுகிறாய். நான் என்ன ஆடா, தழை தின்ன? கோபகபானா போகிறேன் என்றதும் நெய்சா பிரேசில் கடற்கரை என்று நினைத்துக்கொண்டு, "சித்தி, எனக்கும் ஒரு நீச்சல் உடுப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள். உன் ஊரைப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஊரைச் சுற்றிக் காட்டினாயாம்! அதற்குப் பெயர் சுற்றிக் காட்டுவதா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் ஓட்டிக்கொண்டு போவதுபோல் என்னை ஓட்டினாய். மூச்சு வாங்க நின்றால், "அங்க பாரு, அது பெரு நாட்டு மலை." தண்ணீர் குடிக்க நின்றால், "இங்க பாரு, இது இன்காக்கள் வெட்டின படி." பெரு நாட்டு மலையைப் பார்த்து நான் என்ன செய்யட்டும், கும்பிட்டு விழட்டுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்த உன் வாய், நான் பஸ் ஏறும்வரை மூடவில்லை. எதிரில் இருப்பவளுக்கும் வாய் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு வார்த்தை இருக்கலாம் என்று ஒரு தடவையாவது தோன்றியதா உனக்கு?

பொம்மையை விளையாட்டுக்கு வாங்கினேன். நெய்சாவின் கடை அலமாரியில் வைக்க. நீலம் என்றால் உன் கதவு மட்டும்தானா? வானத்தையும் உன் அப்பா எழுதி வாங்கிவிட்டாரா?

பலிக்குமா பலிக்காதா என்பதையெல்லாம் நீயும் அந்தப் பொம்மைக்காரியுமாகப் பேசிக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்காரர் ரோமெர் நலம். மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

டூனியா


கோபகபானா,
2 செப்டம்பர் 1991

டூனியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட இருந்தேன். கடைசி வரி கையைப் பிடித்துக்கொண்டது. சுக்ரேயில் நீ கணக்கில் தோற்றபோது உன் அப்பாவுக்கு என்ன எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? "விடுதியின் எலுமிச்சை மரம் நன்றாகக் காய்க்கிறது." பொய் சொல்ல வேண்டியிருந்தால் நீ மரத்தின் நலம் எழுதுவாய். இருபத்தாறு வருஷத்தில் புதுப் பொய் ஒன்றுகூடக் கற்றுக்கொள்ளவில்லையே, அசடே.

இன்னொன்று. நேற்று நீ தங்கியிருந்த ஆறாம் நம்பர் அறையை ஒட்டடை அடித்தேன். அலமாரியின் மேல், சுவரோரமாக ஓர் அட்டைக் குழல். உள்ளே 1965-ல் நமக்குக் கொடுத்த ஆசிரியர் பட்டம். உன்னுடையது. அதோடு சுருட்டி வைத்த உன் பிறப்புச் சான்று. இரண்டு நாள் ஊர் பார்க்க வருகிறவள் ஆசிரியர் பட்டத்தை எதற்குடி சுமந்துகொண்டு வந்தாள்? தீவில் படி ஏறுவதற்குப் பட்டம் கேட்கிறார்களா, என்ன?

அப்புறம் போய்ச் சாத்தூர்னினாவைப் பிடித்தேன். "விளையாட்டுக்குத்தான் வாங்கினாளாம்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விளையாட்டா? புகை போடுறப்ப அந்தம்மா முழங்கால் போட்டுச்சுங்க. ரெண்டு முழங்காலும் கல்லுல. புகை அடங்குற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. விளையாட்டுக்கு யாரு அப்படி நிப்பா?"

கோயிலில் மாதாவுக்கு முன்னால் மூட்டு வலி என்று பெஞ்சை விட்டு அசையாதவள் நீ.

மொன்தேரோ மருந்துக்கடை முகவரி, உடைந்த தபால்பெட்டி, பூத்த மாமரம், பட்டம், முழங்கால். வாத்தியாரம்மாவிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் போட மாட்டாளா? ஆனால் விடையை நீ எழுது. பதில் வரும்வரை பட்டம் என்னிடம் பணயம். கெஞ்சினாலும் அனுப்ப மாட்டேன்.

பசிலியா


மொன்தேரோ,
13 செப்டம்பர் 1991

திருடி,

என் பட்டத்தை வைத்துக்கொண்டு என்னையே மிரட்டுகிறாயா? நல்லது. கேட்டுக்கொள். வயிறு குளிரட்டும்.

மாமரம் இல்லை. வெட்டிவிட்டார்கள். வீடும் இல்லை. ரோமெர் மே மாதத்திலேயே விற்றுவிட்டான். ஒரு நாள் காலையில் இரண்டு பேர் உள்ளே வந்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தார்கள். "யாருங்க நீங்க?" என்றேன். "வீட்டை வாங்கினவங்க. நீங்க யாரு?" என்றான் ஒருவன். கையில் கரண்டியோடு நின்றேன், பசிலியா. ரோமெர் பிரேசில் எல்லைப் பக்கம் போய்விட்டான், பக்கத்தில் ஒருத்தியோடு. அவளுக்கு முன்பல் தங்கம். அந்தப் பல்லில் தன் மூஞ்சியைப் பார்த்து மயங்கியிருப்பான். அவனுக்கு எப்போதும் தன் மூஞ்சியின் மேல்தான் ஆசை.

இப்போது நெய்சாவின் கடைக்குப் பின்னால், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன். அவள் நல்லவள். அவள் புருஷன் தினமும் காலையில் என் காதில் விழும்படி, "சித்திக்கு எப்ப பஸ்?" என்று கேட்பான். அவனுக்காகவாவது ஒரு பஸ்ஸில் ஏற வேண்டும் என்றுதான் உன்னிடம் வந்தேன். அந்த இரண்டு பெட்டியும் நாலு வேளைக்கு மாற்றுகிற உடுப்பு இல்லை. என் குடித்தனம் மொத்தமும் அதுதான். பட்டம் எதற்கு என்று கேட்டாயே? உங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஏதாவது வகுப்பு கிடைக்காதா என்ற நப்பாசை.

கேட்கத்தான் வந்தேன். நாலு தடவை ஆரம்பித்தேன். சனிக்கிழமை படகில், "பசிலியா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். "கேளு, ஆனா முதல்ல அதோ பாரு, நிலாத் தீவு" என்றாய். தீவில் முப்பதாவது படியில் உட்கார்ந்தேனே, மூச்சு வாங்கி இல்லை, கேட்பதற்குத்தான். நீ இன்காக்களின் ஊற்றைக் காட்ட முன்னால் ஓடிவிட்டாய். சாயங்காலம் மீன் சாப்பிடும்போது ஆரம்பித்தேன். நீ எந்தக் கடையில் மீன் புதுசு என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினாய். மறுநாள் காலை குன்றில் ஏறும்போது ஐந்தாவது சிலுவைக்குக் கீழே உன் கையையே பிடித்தேன். "கர்த்தரே மூணு தடவை விழுந்துதான் மேல போனாரு, நீ இன்னும் ஒரு தடவைகூட விழலை, ஏறுடி" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

ஐந்தாவது தடவை அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில். வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அந்த எட்டுப் பேரிடம், "இவளுக்கென்ன, மாளிகைக்காரி. என் வீட்டுக் குளிரை ரெண்டு நாளைக்கு மேல தாங்குவாளா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் என்ன வாயால் கேட்பது? கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய், இல்லையென்றால் பாவம் பார்த்திருப்பாய். இரண்டில் எது வந்தாலும் நான் அங்கேயே செத்திருப்பேன். அதனால் கோழிக்கூண்டு என்றேன்.

பொம்மை திருப்பிப் பேசாது, எதையும் சுற்றிக் காட்டாது. அதனால் அதற்கு முன்பே குன்றின் மேல் அதனிடம் கேட்டிருந்தேன். உன் வீட்டை நான் கேட்கவில்லை, பைத்தியக்காரி. அதில் ஓர் அறை கேட்டேன். அந்தப் பொம்மைக்காரியிடம் அறை தனியாக இல்லை. முழு வீடாகத்தான் விற்கிறாள்.

போதுமா? பட்டத்தை அனுப்பு.

டூனியா


கோபகபானா,
26 செப்டம்பர் 1991

அடி அறிவு கெட்டவளே,

ரோமெரைத் திட்ட இரண்டு தாள் எடுத்து வைத்தேன். அப்புறம் அவனுக்கு அது அதிகம் என்று தோன்றியது. உன் கல்யாணத்தன்றே அவன் மாப்பிள்ளைக் கோலத்தில் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நான் அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை. விட்டுத் தள்ளு.

திட்ட வேண்டியவள் நீதான். இத்தனை வருஷம் பழகியவளிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை, முன்பின் தெரியாத பொம்மைக்காரி முன்னால் முழங்கால் போட வந்தது. என் கையைப் பிடித்தவள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, "நில்லுடி கழுதை, உன் மலை எங்கயும் ஓடிப் போகாது" என்று ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?

என்னையும் திட்டிக்கொண்டேன். நான்கு நாள் விடாமல் திட்டினேன். நான் உனக்கு ஊரைக் காட்டவில்லை, டூனியா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டையில் "உங்க ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று எழுதுவாயே, அதற்குப் பழி தீர்த்துக்கொண்டிருந்தேன். மலையைக் காட்டினேன், தீவைக் காட்டினேன், பக்கத்தில் நின்றவளின் முகத்தை ஒரு தடவை பார்க்கவில்லை. நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குன்றுக்குப் போனேன். "ஒரே ஒரு அறை மட்டும் இருக்கிற பொம்மை இருக்கா?" என்று சாத்தூர்னினாவைக் கேட்டேன்.

"இருபது வருஷமா வீடு விக்கிறேன். லாரி கேட்டிருக்காங்க, ஓட்டல் கேட்டிருக்காங்க, ஏரோபிளேன்கூட கேட்டிருக்காங்க. அறை கேட்ட ஆளு நீங்க ஒருத்திதான். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இல்லையா டீச்சரம்மா?" என்றாள்.

பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு வீட்டை எடுத்து, ரம்பம் வைத்து ஓரத்தை அறுத்தாள். ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவுக்கு நானே நீலம் அடித்தேன். உன் பெயரைச் சொல்லிப் புகை போட்டார்கள். நானும் முழங்கால் போட்டேன். கல் இன்னும் குத்துகிறது.

அதைத்தான் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் வாங்கினேன், நான் கொடுக்கிறேன். முறையாகச் செய்த காரியம், இனிப் பலிக்கும். பலிக்காமல் எங்கே போகும்? பொம்மைக்கு அடியில் பஞ்சுக்குள் ஆறாம் நம்பர் அறையின் சாவி இருக்கிறது.

இதைப் பாவம் பார்ப்பது என்று நினைத்தாயானால் சாவியைக் கழிவறையில் போடு. குளிர் அதே குளிர்தான். குழாய் அப்படியேதான் ஷாக் அடிக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் செருப்புத் தோல் கிழங்குதான் சாப்பாடு, முகம் சுளித்தால் மூன்று நாள். ஏரியைக் குளம் என்று இன்னொரு தடவை சொன்னால் அதிலேயே தள்ளிவிடுவேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி இப்போதைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், தலைமை ஆசிரியர் ஒரு கல்லுளிமங்கன். ஆனால் கேட்டு வைத்திருக்கிறேன்.

பட்டத்தை அனுப்ப மாட்டேன். அது அலமாரி மேலேயே இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்.

பசிலியா


மொன்தேரோ,
9 அக்டோபர் 1991

பசிலியா,

பார்சல் வந்தது. கடையெல்லாம் புகை நாற்றம். நெய்சாவின் புருஷன் எலி செத்துக் கிடக்கிறது என்று காலையெல்லாம் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தான். நானும் கூடச் சேர்ந்து எலியைத் தேடினேன்.

நீ அடித்த நீலம் கதவில் பாதி, சுவரில் பாதி. வெட்டின சுவர் கோணல், நிற்க வைத்தால் சாய்கிறது. ஒரு சுவரை நேராக அறுக்கத் தெரியாத ஜனங்கள், இன்காக்களின் கல்கட்டைப் பற்றி எனக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தீர்கள். பஞ்சை வைத்து முட்டுக் கொடுத்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சாவி கழுத்தில் இருக்கிறது.

பெரிய வீட்டுப் பொம்மையை நெய்சாவிடம் கொடுத்துவிட்டேன். நான் வாங்கினது, அவள் கையில் கொடுத்தேன். அவளுக்காவது பலிக்கட்டும்.

இன்று காலையும் அவன், "சித்திக்கு எப்ப பஸ்?" என்றான். "பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை" என்றேன். உடனே போய் என் பெட்டிகளைத் தூசி தட்டினான்.

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் வருவேன். பெட்டி இரண்டு. தூக்க வந்து நில். கோகா இலையைக் கொதிக்க வைத்துக்கொண்டு வா, தழைதானே, தின்று தொலைக்கிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உனக்குக் கை அரிக்கும், கால் துடிக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் எதையும் சுற்றிக் காட்டாதே. நான் ஊர் பார்க்க வரவில்லை.

டூனியா